காசு கொடுத்த மின்னூல் யாருடையது?

நேயர்களுக்கு வணக்கம். அச்சுப் புத்தகமா, மின்னூலா என்று ஆரம்பித்தாலே பேச்சு காகித வாசனையில் போய் நின்றுவிடும். எனக்கும் அந்த வாசனை பிடிக்கும். ஆனால் பல வருடங்களாக என்னை உறுத்துவது வேறு விஷயம். காசு கொடுத்து வாங்கிய மின்னூல் நமக்குச் சொந்தமா, இல்லையா?

2009 ஜூலையில் நடந்ததைச் சொல்கிறேன். அமேசானின் மின்னூல் வாசிக்கும் கருவியான கிண்டிலில் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலைப் பலர் வாங்கி வைத்திருந்தார்கள். அந்தப் பதிப்பை விற்பனைக்குப் போட்டவருக்கு அதற்கான உரிமை இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. சரி, அது விற்றவரோடு தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கு. ஆனால் அமேசான், வாங்கியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவரவர் கருவிக்குள் இருந்த நாவலை அழித்துவிட்டது. பணம் திரும்பி வந்தது, உண்மைதான். பள்ளிப் பாடத்துக்காக அதைப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவன், வாசிக்க வாசிக்கக் குறிப்பு எழுதி வந்திருந்தான். குறிப்புகள் மிஞ்சின. எந்த வரிக்கு எந்தக் குறிப்பு என்பது போய்விட்டது. புத்தக ஓரத்தில் பென்சிலால் எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்தப் பையனின் வயிற்றெரிச்சல் புரியும்.

அமேசானின் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் அந்த மாதமே மன்னிப்புக் கேட்டார். நல்லது. ஆனாலும், எங்கோ உட்கார்ந்துகொண்டு நம் கையில் இருக்கும் நூலை அழிக்கும் வசதி அவர்களிடம் இருந்ததே, அதற்கு மன்னிப்பு போதுமா?

பத்து வருடம் கழித்து, 2019இல், மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியது. கடையோடு சேர்ந்து, ஏற்கெனவே வாங்கிய நூல்களும் திறக்காமல் போயின. பணத்தைத் திருப்பித் தந்தார்கள். அதில் குறிப்பு எழுதியிருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். ஒருவர் யோசித்து யோசித்து எழுதிய குறிப்புக்கு 25 டாலர்!

அச்சுப் புத்தகம் அப்படியில்லை. வாங்கியாகிவிட்டால் இரவல் தரலாம், பழைய புத்தகக் கடையில் போடலாம், பேத்திக்கு விட்டுவிட்டுப் போகலாம். பதிப்பாளர் குறுக்கே வர முடியாது. மின்னூலில் பெரும்பாலும் நாம் வாங்குவது படிக்கும் அனுமதியை மட்டும்தான். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று படிக்காமலே அழுத்துகிறோமே, அதற்குள் இது எழுதியிருக்கும். நூலகங்களுக்கும் இதே கதி. 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் ஒரு விதி கொண்டுவந்தது. நூலகம் வாங்கிய மின்னூலை 26 முறை இரவல் கொடுத்துவிட்டால், மறுபடி காசு கட்டி வாங்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்டு, நான் மின்னூலுக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். கண் மங்கியவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள முடிகிறது. பார்வையற்றவர்களுக்கு நூலை அப்படியே குரலாக்கித் தர முடிகிறது. அதற்குப் பதிப்புரிமைச் சட்டம் தடையாக இருக்கக் கூடாது என்று 2013இல் மராகேஷ் நகரில் உலக நாடுகள் கூடி ஒரு ஒப்பந்தமே போட்டன. அதை முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா.

நான் கேட்கும் மின்னூலுக்கு முன்மாதிரியும் இருக்கிறது. 1971இல் மைக்கேல் ஹார்ட், அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைக் கணினியில் தட்டச்சு செய்து, இலவச மின்னூல்களைத் தரும் கூட்டன்பெர்க் திட்டத்தைத் தொடங்கினார். நகலெடுக்க விடாமல் தடுக்கும் மென்பொருள் பூட்டு கிடையாது. நகல் எடுத்து யாருக்கும் கொடுக்கலாம், எந்தக் கருவியிலும் திறக்கலாம். அவை பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்கள்தானே என்பீர்கள். இருக்கட்டும். இன்றைய எழுத்தாளருக்குக் காசு போய்ச் சேர்ந்த பிறகும் பூட்டு எதற்கு? விற்பவர் கடையை மூடினாலும் நூல் என்னிடம் இருக்க வேண்டும். திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள், நூல் என்னிடம் இருக்க வேண்டும்.

குழந்தைகளின் வாசிப்பைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். 2018இல் 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தகவல் சொல்லும் எழுத்தைத் திரையைவிடக் காகிதத்தில் படித்தவர்களே நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். அவசரமாகப் படிக்கும்போது இன்னும் அதிகமாக. கதைகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அதனால் பாடத்துக்குக் காகிதம் கொடுங்கள், கதையை எதில் வேண்டுமானாலும் படிக்கட்டும். நன்றி, வணக்கம்.