அனுமதிச்சீட்டா, சொந்தச் சாமானா? டிஸ்க் அணியின் வாதம்

நடுவர் அவர்களே, எதிரணிச் சொந்தங்களே, காரைக்குடிப் பெருமக்களே, வணக்கம்.

டிவியில் மாட்டி ஆடும் கன்சோல் கருவிக்கான கேமை டவுன்லோடாக வாங்குவதா, டிஸ்க்காக வாங்குவதா? எதிரணித் தம்பி மூன்று குறை சொன்னார். டிஸ்க்கில் கீறல் விழுமாம், எழுந்துபோய் மாற்ற வேண்டுமாம், ஆன்லைன் கடையில்தான் தள்ளுபடியாம். மூன்றும் உண்மை. ஆனால் தம்பி காசு கொடுத்து வாங்கியது கேமை அல்ல, அதை ஆடுவதற்கான அனுமதியை. அதைச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டார். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டமே வந்துவிட்டது: உரிமம் மட்டும் கொடுத்துவிட்டு 'வாங்கு' என்று பட்டன் வைக்கிற கடை, அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

பழம்பொருள் கடைகள் நிறைந்த நம் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். தேக்குத் தூண், எனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா படம். எத்தனை கை மாறி வந்தனவோ! எந்த ஆச்சியும் தூக்குச்சட்டியை விற்க, செய்த கம்பெனியிடம் அனுமதி கேட்கவில்லை. டிஸ்க்கும் அந்த ஜாதி. வட்டிக்கணக்கு தெரிந்த ஊர் இது, போட்டுப் பாருங்கள்: 4,999 ரூபாய்க்கு வாங்கி, ஆடி முடித்து 2,500-க்கு விற்றால் செலவு 2,499. டவுன்லோடு உங்கள் அக்கவுண்டோடு ஒட்டிக்கொண்டது. திரும்ப வருவது பூஜ்யம்.

கடையே மூடினால்? நின்டெண்டோவின் 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான ஆன்லைன் கடைகளில் 2023 மார்ச் 27-க்கு மேல் எதையும் வாங்க முடியாது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலின் கடை 2024 ஜூலை 29-ல் மூடியது. அந்த 360-க்கான டிஸ்க்குகள் இன்றும் செகண்ட்ஹேண்டில் கைமாறுகின்றன.

கீறலுக்கு வருவோம். டிவிடியில் தரவு 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. சோனியின் பிளேஸ்டேஷன் கன்சோல்களான பிஎஸ்4, பிஎஸ்5-ன் டிஸ்க்குகள் புளூ-ரே வகை, அதில் 0.1 மில்லிமீட்டர்தான். அதனால்தான் மேலே கெட்டியான பூச்சு வைக்கிறார்கள். டிவிடியைத் தேய்த்துச் சரிசெய்யும் மிஷினில் இதைக் கொடுத்தால் பூச்சு போய்விடும், தரவும் போகலாம். விரல்ரேகை பட்டால் மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்தால் விழும் கீறல் தடத்தோடே ஓடி, அடுத்தடுத்த தரவைக் கெடுக்கும். விட்டுப்போன தரவைக் கணக்கிட்டு நிரப்பும் பிழைதிருத்தமும் அங்கே கைவிட்டுவிடும். குறுக்குக் கீறலை அது பெரும்பாலும் சமாளிக்கும்.

டிஸ்க் இருந்தால் கன்சோலில் இடம் மிச்சம் என்று எங்கள் அணி அண்ணனே சொல்லிவிட்டார். மன்னிக்க வேண்டும், அது தப்பு. பிஎஸ்5 கேமை முழுவதும் உள்ளே ஏற்றிக்கொள்கிறது. டிஸ்க் அதன்பின், கேம் உங்களுடையது என்பதற்குச் சாட்சியாக உள்ளே இருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் மாடலின் 825 ஜி.பி.யில் நமக்குக் கிடைப்பது சுமார் 667. அழித்துவிட்டு மறுபடி ஏற்றும்போதுதான் லாபம். 100 ஜி.பி. கேமை 40 எம்பிபிஎஸ் லைனில் இறக்க ஐந்தரை மணி நேரம். டிஸ்க் இருந்தால் அப்டேட்டுக்கு மட்டும் நெட் போதும்.

வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். உள்ளே டிஸ்க் இல்லாமல், டவுன்லோடு செய்வதற்கான குறியீட்டு எண் எழுதிய காகிதம் மட்டும் என்றால் அது டவுன்லோடுதான், வேஷம் போட்டிருக்கிறது. நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலுக்கான கேம்-கீ கார்டில் கேம் இருக்காது, நெட்டில் இறக்க வேண்டும்; ஆனாலும் கார்டை விற்கலாம். சர்வர் இல்லாமல் ஓடாத கேமுக்கு டிஸ்க்கும் காப்பு இல்லை: 'தி குரூ' என்ற கார் பந்தய கேம் 2024 மார்ச் 31-ல் சர்வரோடு போனது, டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் சேர்த்து. பிஎஸ்5 ப்ரோ வாங்குவோர் டிஸ்க்கைப் படிக்கும் டிரைவைத் தனியாக வாங்க வேண்டும். முதல்முறை பொருத்தும்போது நெட் வேண்டும்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, ஒரே ஒரு வேண்டுகோள். தம்பி அடுத்து எழும்போது, தம் அக்கவுண்டில் கிடக்கும் கேம்களில் ஒன்றே ஒன்றை இந்த மேடையில் எனக்கு விற்றுக் காட்டட்டும். ரொக்கம் கையில் வைத்திருக்கிறேன்.