உடைக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட கார் எங்கே போனது?

[திரையில்: ஹாம்பர்க் துறைமுகம். வரிசையாக நிற்கும் பழைய கார்கள்.]

2009ஆம் ஆண்டு ஜெர்மனி அரசு தன் மக்களுக்கு ஒரு சலுகையை அறிவித்தது. ஒன்பது வருடமாவது ஆன காரை உடைக்கக் கொடுத்துவிட்டுப் புதிய கார் வாங்கினால் 2,500 யூரோ. பொருளாதாரம் சரிந்து கிடந்த நேரம். ஆலைகளுக்கு வேலை கிடைக்க வேண்டும், புகை கக்கும் வண்டிகள் ஒழிய வேண்டும் என்பது கணக்கு. 150 கோடி யூரோவில் தொடங்கிய திட்டம் 500 கோடியில் போய் நின்றது. அந்தப் பணத்தில் ஏறத்தாழ 20 லட்சம் கார்கள் உடைப்புக்குப் போயின.

போயினவா? அந்த நாட்டுக் குற்றப் புலனாய்வுக் காவலர்களின் சங்கம் அதே ஆண்டில் ஒரு மதிப்பீட்டைச் சொன்னது. உடைக்கக் கொடுத்த கார்களில் 50,000 வரை ஆப்பிரிக்காவுக்கும் கிழக்கு ஐரோப்பாவுக்கும் கள்ளத்தனமாக விற்கப்பட்டிருக்கலாம் என்றது.

[திரையில்: உரிமையாளர், டீலர், உடைப்புக்கூடம், அலுவலகம். காகிதம் ஒரு வழியில் நகர, கார் வேறு வழியில் நகர்கிறது.]

இது எப்படி நடக்கும்? மானியம் தரும் அலுவலகம் காரைப் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்க்கிறது. உரிமையாளர் பழைய வண்டியை டீலரிடம் விட்டுவிட்டுப் புதிய வண்டியில் வீடு திரும்புகிறார். டீலர் அதை உடைப்புக்கூடத்துக்கு அனுப்புகிறார். அங்கிருந்து ஒரு சான்றிதழ் வருகிறது, பணமும் வந்துவிடுகிறது. ஆனால் அந்த வண்டி இன்னும் ஓடும் நிலையில் இருக்கிறது. இரும்பாகப் போட்டால் சொற்பக் காசு. கப்பலில் ஏற்றினால் பல மடங்கு. கை மாறும் இடத்தில் நேர்மையற்ற ஒருவர் இருந்தால் போதும். உரிமையாளருக்குக் கடைசிவரை தெரியாது. வரிப்பணம் செலவாகிவிட்டது, ஒழிக்கப்பட வேண்டிய புகை வேறோர் ஊரின் பிள்ளைகள் மூச்சில் கலக்கிறது. இதை வெறும் கணக்குப் பிசகு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

[திரையில்: எஞ்சினுக்குள் ஊற்றப்படும் தெளிந்த திரவம்.]

அதே ஆண்டு கோடையில் அமெரிக்காவும் இதேபோல் 3,500 அல்லது 4,500 டாலர் தந்தது. ஆனால் அங்கே காகிதத்தை மட்டும் நம்பவில்லை. பழைய வண்டியின் எஞ்சின் எண்ணெயை வடித்துவிட்டு, சோடியம் சிலிகேட் கரைசலை ஏறக்குறைய இரண்டு லிட்டர் ஊற்றி, எஞ்சினை ஓடவிட வேண்டும். சூட்டில் நீர் ஆவியாகி, மிஞ்சுவது கண்ணாடிபோல் இறுகிப் பாகங்களைப் பிடித்துக்கொள்ளும். சில நிமிடங்களில் எஞ்சின் நின்றுவிடும்; பிறகு அதை ஓட்டவே முடியாது. ஏறக்குறைய 6,80,000 வண்டிகள் இந்தத் திட்டத்தில் ஒப்படைக்கப்பட்டன. நல்ல எஞ்சின்களைக் கொல்கிறார்களே என்று அப்போது பலர் வருந்தினார்கள். வருத்தம் நியாயமானதுதான். ஆனாலும் களவைத் தடுக்க அதைவிட உறுதியான பூட்டு எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பூட்டிலும் ஓட்டை உண்டு: கரைசலை ஊற்றுகிறவர் டீலரேதான். ஊற்றியதாகக் கையெழுத்து மட்டும் போட்டால்? அதனால்தான் விதிமீறல் ஒவ்வொன்றுக்கும் 15,000 டாலர் வரை அபராதம் என்று சட்டத்திலேயே எழுதினார்கள்.

[திரையில்: விற்பனை ரசீது. இரண்டு வரிகள் பெரிதாகின்றன.]

வாடிக்கையாளர் நேரடியாக ஏமாறும் இடம் இந்த ரசீதுதான். பழைய வண்டிக்கு இரும்பு விலை என்று ஒன்று உண்டு. அமெரிக்கத் திட்டத்தில் அதன் மதிப்பை டீலர் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. அதில் நிர்வாகச் செலவாக 50 டாலரை அவர் வைத்துக்கொள்ள முடிந்தது. சொல்லாமல் விட்டால் மீதியும் அவர் பையில்தான். இன்னொன்று, ஏற்கெனவே விளம்பரம் செய்த தள்ளுபடியை ஓசைப்படாமல் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அரசு மானியத்தைக் காட்டுவது. சட்டம் இதையும் தடுத்தது. ஆனால் கண்டுபிடிக்க, விளம்பரத்தையும் ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது படிக்க வேண்டும். புதிய கார் சாவி கையில் இருக்கும்போது பெரும்பாலோர் படிப்பதில்லை.

அரசு செய்யக்கூடிய எளிய வேலை ஒன்று இருக்கிறது. உடைத்ததாகப் பணம் பெற்ற ஒவ்வொரு வண்டியின் சேசிஸ் எண்ணையும் துறைமுகச் சுங்கத்துறைக்குக் கொடுத்து, ஏற்றுமதியாகும் கார்களோடு ஒப்பிடச் சொல்லலாம். ஒரே எண் இரண்டு பட்டியலிலும் இருந்தால், விசாரணையை எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும்.