திரட்டுச் சீர் முடியட்டும் என்று காத்திருக்கலாமா? தாடையின் வேகத்தைக் காட்டிக்கொடுக்கும் கழுத்தெலும்பு

[திரையில்: பதினொரு வயதுச் சிறுமியின் பக்கவாட்டு முகம், கோட்டோவியமாக]

வணக்கம். "பெரிய மனுஷி ஆகட்டும், திரட்டுச் சீர் முடிந்ததும் பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொள்ளலாம்" என்று கோபியிலும் தாராபுரத்திலும் பல வீடுகளில் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். பற்களை வரிசைப்படுத்துவது மட்டுமே நோக்கம் என்றால் அதில் பெரிய தவறில்லை. ஆனால் கீழ்த்தாடை உள்வாங்கியிருக்கும் பெண்ணுக்குச் சீர்த்தட்டுகள் வாசலுக்கு வரும் நாளில், உடல் மிக வேகமாக வளரும் கட்டம் பெரும்பாலும் கடந்துபோயிருக்கும். அந்த உச்சவேகம் முதல் மாதவிடாய்க்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே வந்து போய்விடுகிறது. அதன் பிறகு கூடும் உயரம் சராசரியாக 5 முதல் 7 சென்டிமீட்டர்தான். தாடையின் வேகமும் ஏறக்குறைய அதே காலத்தை ஒட்டித்தான் ஏறி இறங்குகிறது. ஆகவே தாய்மாமனுக்குச் சொல்லியனுப்புவதற்கு வெகு முன்னதாகவே பல்சீரமைப்பு மருத்துவரிடம் ஓர் எட்டுப் போய்வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

தாடை வளர்ச்சியைப் பார்க்க உதவும் எக்ஸ்ரேயின் வரலாற்றை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறேன்: தலையை ஒரு சட்டத்தில் அசையாமல் நிறுத்திப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கும் முறையை அமெரிக்காவில் பிராட்பென்ட், ஜெர்மனியில் ஹோஃப்ராத் ஆகிய இருவரும் 1931இல் தனித்தனியே வெளியிட்டார்கள்.

[திரையில்: கண்ணபுரம் மாட்டுச் சந்தை, வியாபாரி காங்கேயம் காளையின் வாயைத் திறந்து பார்க்கிறார்]

இனி எனக்குப் பிடித்த பகுதி. சந்தையில் மாட்டின் வயதை யாரும் சான்றிதழ் கேட்டு அறிவதில்லை. கீழுதட்டை விலக்கிப் பார்த்து, பால்பற்கள் விழுந்து எத்தனை நிலைப்பற்கள் முளைத்திருக்கின்றன என்று எண்ணி, ரெண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று சொல்லிவிடுவார்கள். துண்டுக்கடியில் விரல்பிடித்து விலை பேசுவது அதற்குப் பிறகுதான். பிள்ளைகளுக்கும் இதே வழி செல்லுபடியாகும் என்றுதான் எவருக்கும் தோன்றும். அங்கேதான் வேடிக்கை இருக்கிறது. மனிதப் பிள்ளையின் பல் முளைக்கும் கணக்குக்கும் அதன் எலும்பு முதிரும் கணக்குக்கும் உள்ள தொடர்பு, பருவ வளர்ச்சியை நம்பிக் கணிக்கும் அளவுக்கு வலுவானதன்று. பல் மருத்துவரே பல்லை விட்டுவிட்டுக் கையையும் கழுத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது!

[திரையில்: இடது கையின் எக்ஸ்ரே, கட்டைவிரலின் அடிமூட்டு வட்டமிடப்படுகிறது]

இந்தப் படத்தில் கட்டைவிரலின் அடிமூட்டருகே கடுகைவிடச் சற்றே பெரிதாக ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறதல்லவா? அது அண்மையில் சுண்ணாம்பேறிய ஒரு சிற்றெலும்பு. அது தென்படத் தொடங்கினால் வளர்ச்சியின் உச்சவேகம் நெருங்கிவிட்டது, அல்லது வந்தேவிட்டது என்று பொருள். கை எக்ஸ்ரேயை ஒப்பிட்டுப் பார்க்க உலகெங்கும் பயன்படும் கிரூலிச்–பைல் படத்தொகுப்பு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து வசதியான வீட்டுப் பிள்ளைகளை வைத்து 1950இல் உருவானது. அந்தப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் வயதை அப்படியே எடுத்து ஈரோட்டுப் பிள்ளைக்குப் பொருத்தாமல், எலும்பு எந்தப் படிநிலையில் இருக்கிறது என்று பார்ப்பதே நியாயம்.

கைக்கென்று தனியே எக்ஸ்ரே எடுக்காமலும் பார்க்கலாம். தாடைக்காக எடுக்கும் பக்கவாட்டுப் படத்திலேயே கழுத்தெலும்புகளும், அதாவது முதுகெலும்பின் கழுத்துப் பகுதியில் அடுக்காக இருக்கும் எலும்புகளும், விழுகின்றன. அவற்றில் மேலிருந்து 2, 3, 4ஆம் எலும்புகளின் அடிவிளிம்பைக் கவனியுங்கள். சிறுவயதில் தட்டையாக இருக்கும் அந்த விளிம்பு, பருவம் நெருங்க நெருங்க மேலிருந்து கீழாக ஒவ்வோர் எலும்பிலும் உள்நோக்கிக் குழிகிறது. ஆப்புபோல் சரிந்திருந்த எலும்பு முதலில் படுத்த செவ்வகமாகி, பிறகு சதுரமாகி, கடைசியில் நின்ற செவ்வகமாகிறது. இதை ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்தான் கீழ்த்தாடை வேகமாக வளர்கிறது. கீழ்த்தாடையை முன்னுக்குக் கொண்டுவரும் ட்வின் பிளாக் போன்ற கருவிகளை அந்தக் காலத்தோடு பொருந்தும்படி கொடுக்கப் பார்ப்பார்கள். கருவி உண்மையிலேயே தாடையைக் கூடுதலாக வளர்க்கிறதா, பற்களை மட்டும் நகர்த்துகிறதா என்ற வழக்கு மருத்துவர்களுக்குள் இன்னும் தீரவில்லை.

ஆக, "எப்போது" என்ற கேள்விக்கு எலும்பு ஓரளவு விடை சொல்கிறது. "எந்தத் திசையில், எவ்வளவு" என்ற கேள்விக்குத்தான் அது வாயைத் திறப்பதில்லை. டென்மார்க்கில் பணியாற்றிய பல்சீரமைப்பு ஆய்வாளர் பியோர்க், 1950களில் பிள்ளைகளின் தாடைகளில் நுண்ணிய உலோக ஊசிகளைப் பதித்து, ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுத்துப் பின்தொடர்ந்தார். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதற்கு எளிதில் கையெழுத்திடாது. ஆனாலும் தாடை நேராக நீள்வதில்லை, சுழன்றுகொண்டே வளர்கிறது என்பதையும், எலும்பின் மேற்பரப்பு தேய்ந்தும் படிந்தும் அந்தச் சுழற்சியை நம் கண்ணுக்கு மறைத்துவிடுகிறது என்பதையும் அந்த ஊசிகள்தான் காட்டின. எந்தப் பிள்ளையின் தாடை எப்பக்கம் சுழலும் என்பதை முன்கூட்டிச் சொல்ல 1969இல் அவர் ஏழு அடையாளங்களைத் தந்தார். 1984இல் பாம்ரிண்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அனுபவம் மிக்க நிபுணர்களிடம் பிள்ளைகளின் படங்களைக் கொடுத்து, யாருடைய தாடை பின்னோக்கிச் சுழலும் என்று கேட்டார்கள். வந்த விடைகள் பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிட மேலாக இல்லை. அதனால், பதினெட்டு வயதில் உங்கள் மகன் முகம் இப்படித்தான் இருக்கும் என்று கணினித் திரையில் யாராவது படம் காட்டினால், பார்த்து ரசியுங்கள்; அதை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்.

இந்த நிச்சயமின்மைக்கு நடைமுறையில் ஒரு விலை உண்டு. கீழ்த்தாடை முன்னே துருத்தி வளரும் பையனுக்குப் பதினைந்து வயதில் அறுவை சிகிச்சை செய்துவிட்டால், தாடை மீண்டும் வளர்ந்து செய்த வேலையைக் கெடுத்துவிடக்கூடும். ஆகவே ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மாற்றம் நின்றுவிட்டதா என்று உறுதிசெய்த பிறகே கத்தியை எடுப்பார்கள்; ஆண்பிள்ளைகளுக்கு அது பதினெட்டைத் தாண்டியும் இழுக்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அதற்கு எக்ஸ்ரேயும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். எட்டு ஒன்பது வயதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையைச் செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி, உயரத்தைத் தேதியுடன் எழுதி வையுங்கள். ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் அளவில் ஏறிக்கொண்டிருந்த கணக்கு திடீரென்று 8, 9 என்று தாவத் தொடங்கினால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அந்த மாதமே மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே அப்படி எழுதி வைத்திருப்பவர்கள், தாவல் எந்த வயதில் வந்தது என்று கீழே கருத்துப் பகுதியில் பதிவிடுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளின் கணக்கைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆவலாக இருக்கிறது.