நீலகிரி ஏறும் நீராவி இஞ்சின்: வின்டர்தூரில் பிறந்து பொன்மலையில் பிழைத்த கதை

[காட்சி: புக்கிட் தீமா பழைய ரயில் நிலையம். பிளாட்பாரத்தை ஒட்டி விட்டுவைத்திருக்கும் தண்டவாளம். கேமரா தரையோடு தரையாக நகர்கிறது.]

இந்த இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி 1 மீட்டர். 1903ல் சிங்கப்பூரில் ரயில் ஓட ஆரம்பித்ததிலிருந்து, 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் கிளம்பிப் போகும்வரை, இங்கே இருந்தது இந்த மீட்டர் கேஜ் பாதைதான். ஆரம்பகாலத்தில் இதன்மேல் ஓடியவை எல்லாம் நீராவி இஞ்சின்கள். பாதை போட்ட கூலியாட்களிலும் கேங் வேலைக்காரர்களிலும் தமிழர்கள் ஏராளம். ஸ்டேஷன் மாஸ்டர், கிளார்க் வேலைகளில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் நிறையப் பேர். குவீன்ஸ்டவுன் பக்கம் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலே, 1932ல் ரயில்வேத் தொழிலாளர்கள் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் எழுப்பிய சின்னக் குடிலில் தொடங்கியதுதான்.

நிலையம் இருக்கிறது, இரும்புப் பாலம் இருக்கிறது, பழைய பாதை 24 கிலோமீட்டர் நடைவழியாக இருக்கிறது. இவற்றை எல்லாம் அழகாகவே பராமரிக்கிறார்கள். ஆனால் கட்டடத்தைக் காப்பாற்றுவது ஒரு வேலை, நெருப்பும் தண்ணீரும் போட்டால்தான் உயிர் வரும் இயந்திரத்தைக் காப்பாற்றுவது முற்றிலும் வேறு வேலை. இதே மீட்டர் கேஜில் இன்றைக்கும் மலை ஏறிக்கொண்டிருக்கும் ஒரு நீராவி இஞ்சினைப் பற்றித்தான் இந்த வீடியோ.

[காட்சி: மேட்டுப்பாளையம் நிலையம், காலை நேரம். நீலநிறப் பெட்டிகள். பின்னால் புகை.]

எக்ஸ் கிளாஸ். நீலகிரி மலை ரயிலின் இஞ்சின். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் எஸ்எல்எம் என்ற தொழிற்சாலை கட்டியது. முதல் இஞ்சின்கள் 1914லும், கடைசியாக வந்தவை 1952லும் செய்யப்பட்டவை. சமவெளியில் எக்ஸ்பிரஸ் இழுத்த பெரிய இஞ்சின்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் குட்டையாகத்தான் தெரியும். தண்ணீர்த் தொட்டியைத் தன் உடம்பிலேயே சுமக்கும் டேங்க் இஞ்சின் இது. பின்னால் டெண்டர், அதாவது கரியும் தண்ணீரும் சுமக்கும் தனி வண்டி, கிடையாது. ஆனால் இவ்வளவு சின்ன உடம்புக்குள் இத்தனை இயந்திரத்தைத் திணித்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மலைப்புதான்.

பாதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரம். உதகமண்டலம் சுமார் 2,200 மீட்டர். இரண்டுக்கும் நடுவே 46 கிலோமீட்டர். 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். மலைக்கு ரயில் விட வேண்டும் என்ற பேச்சு 1854லேயே தொடங்கியது. குன்னூர் வரை ரயில் வந்தது 1899ல், உதகை வரை 1908ல்.

நடுவில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அங்கேதான் விஷயமே. அந்தப் பகுதியின் செங்குத்தான இடங்களில் 12 மீட்டர் முன்னால் போனால் 1 மீட்டர் மேலே ஏற வேண்டும். சமவெளிப் பாதைகளில் 100 மீட்டருக்கு 1 மீட்டர் என்றாலே நல்ல ஏற்றம் என்பார்கள். வழுவழுப்பான இரும்புச் சக்கரம், வழுவழுப்பான இரும்புத் தண்டவாளம், அதில் ஒரு மழை பெய்துவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்.

[காட்சி: தண்டவாளங்களுக்கு நடுவே இரட்டைப் பல்சட்டம். மிக அருகில்.]

இதற்குத் தீர்வு சொன்னவர் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர். தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வெட்டிய இரும்புச் சட்டங்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரங்கள் அந்தப் பற்களைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். உற்றுப் பாருங்கள், இரண்டு சட்டங்களின் பற்களும் நேருக்கு நேராக இல்லை. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். ஏணியில் ஏறும்போது ஒரு கை அடுத்த படியைப் பிடித்த பிறகுதான் இன்னொரு கையை விடுவோம் இல்லையா, அதேதான். எந்தக் கணத்திலும் ஏதாவது ஒரு பல் முழுப் பிடியில் இருக்கும். இஞ்சின் குலுங்காமல் ஏறுவதற்கும், வழுக்காமல் நிற்பதற்கும் காரணம் இது.

அடுத்தது சிலிண்டர்கள். சாதாரண நீராவி இஞ்சினில் பக்கத்துக்கு ஒரு சிலிண்டர், ஆக இரண்டு. எக்ஸ் கிளாஸில் நான்கு. பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பது தெரியும். கீழ் ஜோடி ஓடும் சக்கரங்களைச் சுற்றுகிறது. மேல் ஜோடி பல்சக்கரங்களைச் சுற்றுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை நிலம் ஓரளவு சமம், அதனால் கீழ் ஜோடிக்கு மட்டும்தான் வேலை. கல்லாறு வந்ததும் டிரைவர் வேகத்தைக் குறைத்து, ஸ்பிரிங்கில் மிதக்கும் நுழைவுப் பல்சட்டத்தின் மேல் இஞ்சினை மெதுவாக ஏற்றுகிறார். பல்லோடு பல் சேர்ந்ததும் மேல் ஜோடியையும் வேலைக்கு விடுகிறார். கீழ் சிலிண்டரில் ஒருமுறை உழைத்து வெளியே வரும் நீராவியை வீணாக்காமல் மேல் சிலிண்டருக்கு அனுப்பி இரண்டாம் முறை உழைக்க வைக்கிறது இந்த இஞ்சின். காம்பவுண்ட் என்று சொல்வது இதைத்தான்.

[காட்சி: ஏற்றத்தில் இஞ்சின், பக்கவாட்டில். மேல் தண்டும் கீழ் தண்டும் இயங்குவது மெதுவான ஓட்டத்தில்.]

இந்தக் காட்சியைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். கீழே சக்கரத் தண்டு ஒரு திசையில் சுற்றுகிறது, மேலே இருக்கும் தண்டு அதற்கு எதிர்த் திசையில், இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. நடுவில் கியர் இருப்பதால் இப்படி. முதல்முறை பார்ப்பவர்கள் இஞ்சின் ஏதோ பழுதாகிவிட்டது என்று நினைப்பதுண்டு. பழுது இல்லை, அது அவ்வளவு நேர்த்தியாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று. மலை ஏறும்போது இஞ்சின் முன்னால் இருக்காது, பின்னால் இருந்து பெட்டிகளைத் தள்ளும். பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகும்போது கொக்கி அறுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் காரணம் புரிந்துவிடும். ஆனால் தள்ளும் டிரைவருக்கு முன்னால் பாதை தெரியாது. அதனால் ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கத்திலும் திறந்த மேடையில் ஒரு பிரேக்மேன் நிற்கிறார். முதல் பெட்டியில் இருப்பவர்தான் ரயிலின் கண். பாதையில் யானை நின்றாலும், பாறை விழுந்து கிடந்தாலும் முதலில் பார்ப்பவர் அவர். கொடியைக் காட்டுவார், அடுத்த பெட்டிக்காரர் அதைப் பார்த்துத் தன் கொடியைக் காட்டுவார், அப்படியே பின்னால் டிரைவர்வரை போகும். பிரேக்மேன் கையில் இருக்கும் பிரேக்கும் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று ஓடும் சக்கரத்துக்கு, இன்னொன்று பல்சட்டத்தைப் பிடித்திருக்கும் பல்சக்கரத்துக்கு. மலைக்காற்றிலும் மழையிலும் வெளியே நின்றுகொண்டே போகும் வேலை அது. இந்த ரயிலைப் பற்றிப் பேசுபவர்கள் இஞ்சினைப் பேசுகிற அளவுக்கு இவர்களைப் பேசுவதில்லை என்பது என் மனக்குறை.

டார்ஜிலிங் ரயிலோடு இதை ஒப்பிடுவார்கள். அங்கே பல்சட்டம் கிடையாது, பாதையை முன்னும் பின்னுமாக மடித்து ஏற்றிக்கொண்டு போவார்கள். அதுவும் அருமையான தீர்வு, ஆனால் வேறு தீர்வு.

[காட்சி: ஹில்குரோவ் நிலையம். இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிப்பது.]

இனி, இந்த இஞ்சின் ஏன் இத்தனை சீக்கிரம் தேய்கிறது என்பதைப் பார்ப்போம். காப்பாற்றுவது என்றால் என்ன என்பது அப்போதுதான் விளங்கும்.

பாய்லருக்குள் தண்ணீர். அதற்குக் கீழே, பின்பக்கம், நெருப்புப் பெட்டி. நெருப்புப் பெட்டியின் கூரைத் தகடு எப்போதும் தண்ணீருக்கு அடியில் இருக்க வேண்டும். தண்ணீர் இறங்கித் தகடு வெளியே தெரிந்தால் சூட்டில் தகடு இளகி, அழுத்தம் தாங்காமல் கிழியும். இப்போது பாதையின் சரிவைச் சேர்த்துப் பாருங்கள். 12க்கு 1 சரிவில் 3 மீட்டர் நீளப் பாத்திரத்தை வைத்தால் ஒரு முனை இன்னொரு முனையைவிட 25 சென்டிமீட்டர் மேலே இருக்கும். தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கும். சரிவு மாறும்போதெல்லாம் கண்ணாடிக் குழாயில் தெரியும் நீர்மட்டமும் மாறும். அதைப் பார்த்து, பாய்லரில் உண்மையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று மனதுக்குள் கணக்குப் போட டிரைவருக்கும், நெருப்பைக் கவனிக்கும் ஃபயர்மேனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதை எந்தப் புத்தகமும் முழுசாகக் கற்றுக்கொடுக்காது. பக்கத்தில் நின்று பார்த்துத்தான் வரும்.

தண்ணீரில் இருக்கும் உப்பு பாய்லர் சுவரில் படிந்துகொண்டே வரும். அதைக் குறித்த காலத்தில் கழுவி எடுக்காவிட்டால் தகட்டுக்குச் சூடு சரியாகக் கடக்காது. குழாய்கள் ஒழுகும். பற்கள் தேயும். பேரிங் சூடாகும். வண்டி நிற்கும் இடத்தில் எல்லாம் எண்ணெய் டப்பாவோடு இறங்கி, மூட்டு மூட்டாக எண்ணெய் விட்டு, பேரிங்கைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறும் ஆட்களை இந்தப் பாதையில் பார்க்கலாம். உள்ளங்கையைவிடப் புறங்கைக்குச் சூடு சட்டென்று தெரியும்.

கரி இன்னொரு தலைவலி. கரியின் தரம் குறைந்தால் ஏற்றத்தின் நடுவில் நீராவி பற்றாது, வண்டி நின்றுவிடும். கோடையில் பறக்கும் தீப்பொறி காட்டுக்கு ஆபத்து. இந்தக் காரணங்களால் சில இஞ்சின்களை எண்ணெய் எரிக்கும்படி மாற்றினார்கள். கரிப்புகை இல்லாத நீராவி இஞ்சின் ஒரு நீராவி இஞ்சினா என்று வருத்தப்பட்ட ரசிகர்கள் உண்டு. அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் பாய்லரும், நான்கு சிலிண்டரும், பல்சக்கரமும் வேலை செய்யும் இஞ்சினாக அது மலையில் ஏறிக்கொண்டிருக்கிறது. எரிபொருளுக்காக அதை நிறுத்திவைப்பதைவிட அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

[காட்சி: திருச்சி, பொன்மலை ரயில்வே பணிமனை. வெளித்தோற்றம்.]

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்குப் போய்வருபவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்தத் திருச்சியில்தான் பொன்மலை பணிமனை இருக்கிறது. தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து 1920களின் கடைசியில் இங்கே கொண்டுவந்தது. நீலகிரி இஞ்சின்கள் பெரிய பழுதுபார்ப்புக்கு மலையிலிருந்து இறங்கி இங்கேதான் வரும்.

பழைய இஞ்சின்கள் தேய்ந்துகொண்டே போயின. வின்டர்தூரில் அவற்றைக் கட்டிய நிறுவனமோ இன்று இல்லை. இந்த நிலையில் உலகத்தில் பல இடங்களில் நடப்பது என்னவென்றால், இஞ்சினுக்கு வண்ணம் அடித்து, மேடை கட்டி, சங்கிலி போட்டு, வாசலில் நிறுத்திவிடுவார்கள். எக்ஸ் கிளாஸிலும் ஒன்று டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் அப்படி நிற்கிறது.

பொன்மலை வேறு முடிவு எடுத்தது. புதிதாகவே கட்டுவோம் என்று இறங்கினார்கள். 2011ல் எண்ணெயில் ஓடும் புதிய எக்ஸ் கிளாஸ் பொன்மலையிலிருந்து வெளியே வந்தது. 2014க்குள் நான்கு. பிறகு 2021ல் கரியில் ஓடும் புதிய இஞ்சினையும் கட்டி முடித்தார்கள். நீராவி இஞ்சின் செய்வதை இந்தியா 1970களிலேயே நிறுத்திவிட்டது. அத்தனை வருடம் கழித்து, பாய்லர் தகடு வளைத்து, சிலிண்டர் கடைந்து, பல்சக்கரத்துக்குப் பல் வெட்டி, முழு இஞ்சினாக நிறுத்துவது சாதாரணக் காரியம் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பழைய இஞ்சின்களைப் பிரித்து மாட்டிய கைகள் அங்கே இருந்ததால்தான் முடிந்தது. பழுதுபார்க்கும் வேலையை இருபது வருடம் நிறுத்திவைத்திருந்தால் புது இஞ்சின் வந்திருக்காது.

"புதிதாகச் செய்ததைப் பாரம்பரியம் என்று எப்படிச் சொல்வது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். யுனெஸ்கோ 2005ல் நீலகிரி ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தப் பட்டியலில் இருப்பது ஒரே ஒரு இஞ்சின் அல்ல, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ரயில் பாதை. அந்தப் பாதையை ஓட வைப்பதற்குத் தேவையான அறிவும் அதில் அடக்கம் என்றுதான் நான் நினைக்கிறேன். நம் கோயில் தேர்களில் சக்கரம் மாற்றுகிறோம், மரம் மாற்றுகிறோம். தேர் ஓடுகிறதா என்பதைத்தான் பார்க்கிறோம்.

[காட்சி: தஞ்சோங் பகார் நிலையத்தின் பழைய முகப்பு, பிறகு ஸ்பூனர் சாலை அடுக்குமாடிகள்.]

சிங்கப்பூரில் இந்த வாய்ப்பு நமக்கு இல்லை. பாதை போய்விட்டது. ஆனால் பாதையில் வேலை பார்த்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இன்னும் இருக்கிறார்கள். ஸ்பூனர் சாலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். நீராவி இஞ்சினுக்குக் கரி அள்ளியவரின் மகனோ மகளோ உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். அவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள், போனில் பதிவு செய்யுங்கள். சாப்பாட்டு நேரம், ஷிப்ட், எந்த இடத்தில் வண்டி திணறும், கையில் எங்கே சூடு பட்டது, இப்படிச் சின்னச் சின்னதாகக் கேளுங்கள். பெரிய கேள்விகளுக்கு எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்.

[காட்சி: மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதை வரைபடம்.]

இந்த இஞ்சினை நேரில் பார்க்க விரும்புபவர்களுக்குச் சில விஷயங்கள். சிங்கப்பூரிலிருந்து கோயம்புத்தூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து மேட்டுப்பாளையம் பக்கம்தான். வண்டி காலையில் சீக்கிரமே கிளம்பிவிடும் என்பதால் முந்தின இரவே மேட்டுப்பாளையத்தில் தங்குவது நல்லது. டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். நிறையப் பேர் உதகையில் ஏறிக் குன்னூரில் இறங்கிவிட்டு நீராவி ரயிலில் போனதாக நினைக்கிறார்கள். குன்னூருக்கு மேலே வண்டியை இழுப்பது டீசல் இஞ்சின். நீராவியும் பல்சக்கரமும் வேண்டுமென்றால் மேட்டுப்பாளையத்திலேயே ஏற வேண்டும். மேலே போக ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து பாதை மூடுவது வழக்கம், அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

வழியில் ஹில்குரோவ் நிலையத்தில் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும்போது எல்லோரும் டீக்கடைப் பக்கம் போவார்கள். நீங்கள் பின்னால் இஞ்சின் பக்கம் போங்கள். இடது பக்கம், வலது பக்கம் இரண்டிலும் நின்று மேல் சிலிண்டரையும் கீழ் சிலிண்டரையும் பாருங்கள். குழந்தைகளைக் கூட்டிப்போனால் பிரேக்மேனிடம் அந்த இரண்டு பிரேக்குகளையும் காட்டச் சொல்லுங்கள்.