ஊர் மாறும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

“டீச்சர், நாங்க பேசாம சென்னைக்கே வந்துடலாமா?” ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு வேலை செய்யும் என்னைப் போன்ற சிறப்பு ஆசிரியர்களிடம் வெளியூர்ப் பெற்றோர் தவறாமல் கேட்கிற கேள்வி இது. அருப்புக்கோட்டையிலிருந்து கேட்பார்கள், அரியலூரிலிருந்து கேட்பார்கள். சென்னைக்காரர்கள் பெங்களூருக்குப் போகலாமா என்பார்கள். “அங்கே எல்லா வசதியும் இருக்கு” என்று யாராவது சொந்தக்காரர் சொல்லியிருப்பார். அந்த எல்லா வசதியில் நம் பிள்ளைக்கு வேண்டியது எது, அது வாரத்தில் எத்தனை நாள் கைக்குக் கிடைக்கும் என்று பார்க்காமல் வீட்டைக் காலி செய்யாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

பெரிய ஊருக்குப் போய்ச் செய்துகொள்ள வேண்டிய வேலை ஒன்று உண்டு. அது முழுமையான அசெஸ்மென்ட், அதாவது பிள்ளைக்கு எது வருகிறது, எது வரவில்லை என்று வல்லுநர்கள் பார்த்துச் சொல்லும் மதிப்பீடு. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, உளவியல், சிறப்புக் கல்வி எல்லாம் ஒரே வளாகத்தில். அங்கே போய்க் காட்டி, அறிக்கை வாங்கி, வீட்டில் என்ன செய்வது என்று கற்றுக்கொண்டு ஊர் திரும்பலாம். அதற்காகக் குடிபெயர வேண்டியதில்லை.

சரி, அன்றாடப் பயிற்சிக்கு? முதலில் சொந்த மாவட்டத்தில் விசாரியுங்கள். வளர்ச்சிக் குறைபாட்டைச் சிறு வயதிலேயே கண்டறிந்து பயிற்சி தரும் இடையீட்டுச் சேவை மையம் அரசு மருத்துவமனையோடு சேர்ந்து இருக்கிறதா, பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர் இருக்கிறாரா என்று பாருங்கள். ஒரு சிறப்பு ஆசிரியர் பல பள்ளிகளைச் சுற்றிவர வேண்டியிருக்கிறது என்பது எனக்கும் தெரியும். அதனால் “இருக்கிறாரா” என்பதோடு நிறுத்தாமல் “என் பிள்ளையை வாரத்தில் எத்தனை முறை பார்ப்பார்” என்றும் கேட்டுவிடுங்கள். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் கிராமங்களுக்கே போய், வீட்டில் வைத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறார்கள். அந்த வட்டாரத்துக் குடும்பம் சென்னைக்கு வந்தால் பெறுவதைவிட இழப்பது அதிகமாக இருக்கலாம்.

சென்னைக்கு வந்தவர்களின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். வாடகை கட்டுப்படியாகாமல் கூடுவாஞ்சேரியில் வீடு, தெரபி மையம் அடையாற்றில். முக்கால் மணி நேர செஷனுக்குப் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. மின்சார ரயில், ஷேர் ஆட்டோ, இடைவிடாத ஹார்ன். சத்தம் தாங்காத குழந்தை மையத்துக்குள் நுழையும்போதே காதைப் பொத்திக்கொண்டு தரையில் படுத்துவிடும். செஷனில் பாதி அவனைச் சமாதானப்படுத்தவே போய்விடும். அப்பா ஊரில் கடையை விட்டு வர முடியாது. அம்மா மட்டும் இங்கே. இரவு பிள்ளை தூங்காமல் குதிக்கும்போது ஒரு மணி நேரம் கைமாற்றிவிட ஆளில்லை. இப்படி இரண்டு இடத்துக் குடித்தனம் வெகு நாள் தாங்கியதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

பள்ளிக்கு வருவோம். 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்றிதழ் பெற்ற பிள்ளைக்கு, 6 வயதிலிருந்து 18 வயதுவரை வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியிலோ விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமையை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தருகிறது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியின் நுழைவு வகுப்பில் ஒதுக்கும் 25 சதவீத இடங்களுக்கும் இவர்கள் விண்ணப்பிக்கலாம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் இது பொருந்தாது. இந்த ஒதுக்கீட்டில் தமிழ்நாட்டில் பள்ளிக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தைப் பார்ப்பார்கள், 1 கிலோமீட்டர்தான் கணக்கு. ஆகவே வீட்டைப் பிடித்துவிட்டுப் பள்ளி தேடாதீர்கள். பள்ளியைப் பிடித்துவிட்டு வீடு தேடுங்கள்.

சட்டத்தைக் காட்டி இடம் வாங்கிவிடலாம். வகுப்பில் பிள்ளை எப்படி இருப்பான் என்பது தலைமை ஆசிரியர் கையில். அவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: “மணி அடிச்சதும் இவன் பயந்து வெளியே ஓடினா என்ன பண்ணுவீங்க?” ‘ஷேடோ டீச்சரை நீங்களே ஏற்பாடு பண்ணிக்குங்க’ என்பது ஒரு பதில்; வகுப்பில் பிள்ளையின் கூடவே இருந்து உதவும் தனி ஆளைத்தான் ஷேடோ டீச்சர் என்கிறார்கள். ‘அஞ்சாம் வகுப்புல இதே மாதிரி ஒரு பையன் இருக்கான், வாங்க பார்க்கலாம்’ என்பது இன்னொரு பதில். இரண்டாவது பதில் கிடைத்தால், அது ஓட்டுக்கட்டடமாக இருந்தாலும் சேர்த்துவிடுங்கள். வாசலில் தொங்கும் பளபளப்பான போர்டை நான் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை.

அப்புறம் வீடு. இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. புரோக்கர் காலை 11 மணிக்குக் கூட்டிப்போய்க் காட்டுவார். அப்போது தெரு அமைதியாகத்தான் இருக்கும். சாயங்காலம் 6 மணிக்கு இன்னொரு தடவை போங்கள். பக்கத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறதா, ஆடி மாதம் ஒலிபெருக்கி எந்தக் கம்பத்தில் கட்டுவார்கள் என்று எதிர்வீட்டில் கேளுங்கள். முடிந்தவரை தரைத்தளம் பாருங்கள். மாடி என்றால், பிள்ளை இரவில் குதிக்கிற சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் மறுவாரமே வந்து நிற்பார். ஆட்டிசம் இருக்கிறது என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஹவுஸ் ஓனரிடம் சொல்லிவிடுவது நல்லது. மறுத்தால் பணம் கொடுக்கும் முன்பே தெரிந்துவிடுமே.

எல்லாவற்றையும்விட முக்கியம் தண்ணீர். இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் மேல் தனி ஈர்ப்பு; ஆபத்து தெரியாது; சொல்லாமல் வெளியேறும் பழக்கமும் இருக்கும். தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின், அதாவது சம்ப்பின், மூடியைக் கையால் தூக்கிப் பாருங்கள். சுலபமாகத் தூக்க முடிந்தால் பூட்டுப் போடச் சொல்லுங்கள். திறந்த கிணறு, ஏரி, குளம் பக்கத்தில் இருந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

மாநிலம் தாண்டுவோருக்கு: மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை நாடு முழுவதும் செல்லும். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடும் மத்திய அரசுத் திட்டம்தான். மாநில அரசின் உதவித்தொகை கூடவே வராது. அங்குள்ள விதிப்படி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பேச்சுப் பயிற்சி எந்த மொழியில் நடக்கும் என்பதையும் கேளுங்கள். வீட்டில் பாட்டி தமிழில் பேச, தெரபிஸ்ட் ஆங்கிலத்தில் பேச, பேச்சே வராத பிள்ளை நடுவில் நிற்கிறான்.

ஊரை விட்டே தீர வேண்டிய குடும்பங்களும் உண்டு. ஒரு பள்ளியும் கதவைத் திறக்கவில்லை, “வளர்ப்பு சரியில்லை” என்று அம்மாவைச் சொந்தமே குத்திக்கொண்டிருக்கிறது என்றால் கிளம்புங்கள். அப்போதும் எடுத்த எடுப்பில் சென்னை வேண்டாம். மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலியைப் பாருங்கள். வார இறுதியில் அப்பா வந்து போகிற தூரம் போதும். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஊர் தேடும்போது இருபது வயதையும் கொஞ்சம் நினையுங்கள். பள்ளி முடிந்த பிறகு அவன் தனியாகக் கடைக்குப் போய்வர, கடைக்காரருக்கு அவனைத் தெரிந்திருக்க வேண்டும்.

முடிவெடுக்கும் முன் புது ஊரில் இரண்டு வாரம் தங்கிப் பாருங்கள். மே மாத விடுமுறையில் போகாதீர்கள். பள்ளி பூட்டியிருக்கும், ஒன்றும் தெரியாது. ஜனவரி, பிப்ரவரியில் போனால் பள்ளி நடப்பதைப் பார்க்கலாம். ஒதுக்கீட்டு விண்ணப்பம் வருவதற்குள் ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் முகவரி மாற்றவும் நேரம் இருக்கும்.

நன்றி, வணக்கம்.