முதல் மருந்து கேட்காவிட்டாலும்

நேயர்களுக்கு என் வணக்கம்.

தீவிர மனச்சோர்வைப் பற்றியும் அதற்கு உள்ள சிகிச்சைகளைப் பற்றியும் பேச அழைத்திருக்கிறார்கள். மனநல மருத்துவராக இந்த நோயைத் தினமும் பார்க்கிறேன். நோய் முற்றிய நிலையில் ஒருவர் தானாக என் அறைக்குள் நடந்து வருவது அபூர்வம். மனைவியோ, அண்ணனோ, மகளோ கையைப் பிடித்து அழைத்து வருவார்கள். இப்போது வானொலியைக் கேட்டுக்கொண்டிருப்பவரும் அநேகமாக அந்த மகளாகவோ அண்ணனாகவோ இருக்கலாம். நோயாளிக்கு ஒரு பேச்சை முழுதாகக் கேட்கும் தெம்புகூட இருக்காது. அதனால் முக்கியமாக உங்களிடம்தான் பேசுகிறேன்.

குடும்பத்தார் முதலில் கேட்பது இதுதான்: "நல்லாத்தானே இருந்தார் டாக்டர், இப்போ குளிக்கக்கூட மாட்டேங்கிறாரே, ஏன்?" சோம்பல் என்று நினைக்கிறார்கள், இல்லாவிட்டால் பிடிவாதம் என்று. ஒரு குளியலுக்கு எத்தனை வேலை இருக்கிறது என்று நாம் யோசிப்பதில்லை. எழ வேண்டும், துண்டை எடுக்க வேண்டும், எந்தத் துணியை மாற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும், தண்ணீரைத் திறக்க வேண்டும். நமக்கு எல்லாம் தானாக நடந்துவிடுகிறது. இந்த நோயில் ஒவ்வொன்றும் தனித்தனியாக மலைக்க வைக்கும். ஒருவர் சொன்னார்: "பிரஷ்ஷைக் கையில எடுத்துட்டேன். பேஸ்ட் வைக்கணும்னு தெரியுது. கை போகலை. அப்படியே நின்னுக்கிட்டே இருந்தேன்." அவர் அழவில்லை. வருத்தமாக இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. "எதுவுமே தோணலை" என்றார். பலரை வாட்டுவது துக்கத்தைவிட இந்த வெறுமைதான்.

எல்லோருக்கும் மனம் சோர்ந்துபோகும் நாட்கள் உண்டு. அதெல்லாம் நோயல்ல. நாளின் பெரும்பகுதி மனம் தாழ்ந்தே இருப்பது, முன்பு பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல் போவது, இந்த இரண்டில் ஒன்றாவது குறைந்தது 2 வாரம் விடாமல் இருந்து, கூடவே தூக்கம், பசி, தெம்பு, கவனம் கெடுவது, குற்ற உணர்வு, சாவைப் பற்றிய நினைப்பு போன்றவற்றில் பலவும் சேர்ந்து, அன்றாட வாழ்க்கையே தடைபட்டால் அதை நோய் என்கிறோம். உலகில் ஏறக்குறைய 33 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. எல்லோருக்கும் ஒரே கடுமையில் வருவதில்லை. லேசானதாக இருந்தால் பேச்சுவழி சிகிச்சையும் உடற்பயிற்சியும் ஒழுங்கான தூக்கமுமே பலருக்குப் போதும். நான் பேச வந்தது அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்களைப் பற்றி.

தீவிரமாகும்போது சில அடையாளங்கள் தென்படும். விடியும் முன்பே விழிப்பு வந்துவிடும், அப்புறம் தூக்கம் வராது. காலையில் மிக மோசமாகவும் மாலையில் கொஞ்சம் தேவலையாகவும் இருக்கும். உடம்பே மெதுவாகிவிடும். நான் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வெகுநேரம் காத்திருப்பேன், பதில் வராது. காதில் விழவில்லையோ என்று கூட வந்தவர் மறுபடி கேட்கப் போவார், நான் கையைக் காட்டி நிறுத்துவேன். பிறகு மெல்லிய குரலில் இரண்டு சொற்கள் வரும். சிலருக்கு நேர்மாறாக, ஓர் இடத்தில் உட்கார முடியாத பரபரப்பு இருக்கும். கையைப் பிசைந்துகொண்டு நடந்துகொண்டே இருப்பார்கள்.

இன்னும் முற்றினால் நடக்காததை நடந்ததாக நம்பத் தொடங்குவார்கள். வங்கியில் பணம் பத்திரமாக இருக்கும், ஆனால் குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துவிட்டது என்பார் ஒருவர். என்றோ செய்த சின்னத் தவறுக்குப் போலீஸ் வரப்போகிறது என்று இன்னொருவர் நடுங்குவார். தன் குடல் அழுகிவிட்டது, தான் ஏற்கெனவே இறந்துவிட்டோம் என்று நம்புகிறவர்களும் உண்டு. ஜூல் கோதார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1880லேயே இதை விவரித்திருக்கிறார். இவர்களிடம் பாஸ்புக்கைக் காட்டி வாதாடிப் பயனில்லை. காட்டிய நிமிடம் தலையாட்டுவார்கள், அடுத்த நிமிடம் பழையபடி. அவசரமாக மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டிய நிலை இது.

"மனசைத் தைரியமா வெச்சுக்கோ" என்று அன்போடுதான் சொல்கிறீர்கள். ஆனால் அந்தத் தைரியத்தை உண்டாக்கும் இடத்தில்தான் நோய் உட்கார்ந்திருக்கிறது. கேட்பவருக்கு, தன்னால் அதுகூட முடியவில்லையே என்ற குற்ற உணர்வு கூடிப்போகும். சிகிச்சைக்குப் போக வேண்டும் என்ற எண்ணத்தையும், போனால் குணமாகும் என்ற நம்பிக்கையையும்கூட இந்த நோய் தின்றுவிடுகிறது. அந்தப் பகுதியைக் கொஞ்ச காலம் உடன் இருப்பவர்கள் சுமக்க வேண்டியிருக்கிறது. டாக்டரிடம் நேரம் வாங்குவது, கூட வருவது, மாத்திரையை எடுத்துக் கொடுப்பது, சாப்பாட்டை அருகில் வைத்து உட்கார்ந்திருப்பது. உபதேசத்தைவிட இவை நிறைய உதவும்.

தற்கொலை பற்றிக் கேட்கலாமா என்று தயங்குகிறீர்கள். கேட்டால் அந்த நினைப்பை நாமே தூண்டிவிட்டது போல் ஆகுமோ என்ற பயம். அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். பலர் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர்கள் போல அப்போதுதான் வாய் திறப்பார்கள். ஆமாம் என்றால் பதறவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். ஆபத்து நெருங்கிவிட்டதாகத் தோன்றினால் தனியாக விடாமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், இரவானாலும் சரி. வீட்டில் உள்ள மாத்திரைகளை உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்பவர் நீங்களே அந்த நிலையில் இருந்தால், பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் இப்போதே சொல்லுங்கள். "எனக்குப் பயமா இருக்கு, கூட இரு" என்றால் போதும், காரணம் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

சரி, சிகிச்சைக்கு வருவோம்.

மருந்துச் சீட்டு எழுதும் முன் சிலவற்றைப் பார்த்துக்கொள்கிறோம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், ரத்தசோகை, பி12 குறைபாடு இருந்தாலும் இதே மாதிரி சோர்வு வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அடுத்தது ஒரு கேள்வி: முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், அளவு மீறிய உற்சாகத்தோடு, கண்டபடி செலவு செய்துகொண்டு திரிந்த நாட்கள் உண்டா? உண்டு என்றால் இது மிகையான உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோயாக இருக்கலாம். அதற்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மறுபடி அந்த மிகையான நிலைக்குத் தள்ளிவிடக்கூடும். நோயாளிக்கு அது நினைவிருக்காது, வீட்டாருக்கு நன்றாகவே இருக்கும். கட்டாயம் சொல்லுங்கள்.

மனச்சோர்வுக்கான முதல் மருந்துகள் கிடைத்ததே எதிர்பாராமல்தான். 1950களின் தொடக்கத்தில் காசநோய்க்கு இப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்தபோது, துவண்டு கிடந்த நோயாளிகள் உற்சாகமாகி வார்டில் கலகலவென்று பேசத் தொடங்கினார்கள். அதே பத்தாண்டில் சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் குன், வேறொரு மனநோய்க்காகச் சோதிக்கப்பட்ட இமிப்ரமின் மனச்சோர்வைத் தணிப்பதைக் கவனித்து 1957ல் வெளியிட்டார். பிறகு புளூவாக்சிடின் வந்தது, அமெரிக்காவில் அதற்கு 1987ல் ஒப்புதல் கிடைத்தது. இன்று முதலில் கொடுப்பது பெரும்பாலும் இந்த வகை மருந்துகளைத்தான். மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் குறைந்ததால்தான் நோய் என்று முன்பு எளிதாகச் சொல்லிவந்தார்கள். விஷயம் அவ்வளவு எளிதல்ல. பரம்பரை, வாழ்க்கையில் பட்ட அடிகள், உடல்நோய், மூளை நரம்புகளின் இணைப்பில் வரும் மாற்றங்கள் எல்லாம் இதில் சேருகின்றன.

மாத்திரை போட்ட மறுநாள் பலன் தெரியாது. குமட்டலும் தலைவலியும்தான் முதலில் வரும், பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். ஒரு மருந்து கேட்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய, சரியான அளவில் 6 முதல் 8 வாரம் வரை பார்க்க வேண்டியிருக்கும். இந்த இடைவெளியில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். இதே இடைவெளியில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உடம்புக்குத் தெம்பு முதலில் திரும்பி, மனம் தேறப் பின்னால் நாள் பிடிக்கலாம். படுத்தே கிடந்தவர் எழுந்து நடமாடுகிறார் என்று வீட்டார் நிம்மதியாகிவிடுவார்கள், ஆனால் உள்ளே சாவு நினைப்பு அப்படியே இருக்கக்கூடும். முதல் சில வாரங்கள் தனியாக விடாதீர்கள். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மருந்து தொடங்கும்போதும் அளவை மாற்றும்போதும் கூடுதல் கவனம் தேவை.

முதல் மருந்திலேயே எல்லோரும் குணமாவதில்லை. அமெரிக்காவில் சுமார் 4,000 நோயாளிகளோடு நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2006ல் வந்தன. முதல் மருந்தில் அறிகுறிகள் முற்றிலும் நீங்கியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். இதைச் சொன்னால் சிலர் மனம் உடைந்துபோகிறார்கள். நான் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்லாமல் விட்டால் முதல் மருந்து கேட்காதபோது, "எனக்கு எதுவுமே ஒத்துவராது" என்று நோயாளி முடிவுகட்டிவிடுவார். நோயே அவரை அப்படித்தான் நினைக்க வைக்கும். மருந்தின் அளவைக் கூட்டலாம், வேறு வகைக்கு மாற்றலாம், லித்தியம் போன்ற ஒன்றைத் துணையாகச் சேர்க்கலாம். நடக்காததை நம்பும் நிலை என்றால் அதற்கான மருந்தையும் சேர்த்தே தொடங்குவோம்.

பேச்சுவழி சிகிச்சை மருந்துக்குப் போட்டியல்ல. தீவிர நிலையில் இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்ல பலன் கிடைக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய முறை, "நான் எதற்கும் லாயக்கில்லை" போன்ற எண்ணங்களை நோயாளியோடு உட்கார்ந்து எடுத்துப் பார்த்து, அது எந்த அளவுக்கு உண்மை என்று சோதிக்கக் கற்றுத்தருகிறது. மிகவும் முடியாதவர்களுக்கு இதைவிடச் சின்னதாகத் தொடங்குவோம். இன்று ஜன்னலைத் திறந்து பத்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், செய்வதன் மூலம் மனத்தை வரவழைக்கும் முறை இது.

இப்போது ஷாக் ட்ரீட்மென்ட். இந்தப் பெயரைக் கேட்டதுமே பலர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறார்கள். சினிமாவில் பார்த்ததுதான் மனத்தில் இருக்கிறது. இதை 1938ல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற இரண்டு மருத்துவர்கள் தொடங்கியபோது மயக்க மருந்து இல்லாமல்தான் செய்தார்கள், அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. இன்று முறையாக நடக்கும் விதமே வேறு. நோயாளி வெறும் வயிற்றில் வருவார். கையில் ஊசி வழியாக மயக்க மருந்து போகும், தூங்கிவிடுவார். அப்புறம் தசைகளைத் தளர்த்தும் மருந்து. ஒரு கணுக்காலில் மட்டும் ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கி, தசை மருந்து அந்தப் பாதத்துக்குப் போகாமல் தடுப்பார்கள். மயக்க மருத்துவர் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்க, சில விநாடிகள் மின்சாரம் செலுத்தப்படும். மூளைக்குள் வலிப்பு ஏற்படும், வெளியே தெரிவது அந்தப் பாதத்தின் துடிப்புதான். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். சில நிமிடங்களில் கண் விழிப்பார். கொஞ்ச நேரம் குழப்பமும் தலைவலியும் இருக்கும். வாரத்துக்கு 2 அல்லது 3 முறை, மொத்தம் 6 முதல் 12 முறை வரை செய்வது வழக்கம்.

சாப்பாட்டையும் தண்ணீரையும் மறுத்துக் கிடப்பவர்களுக்கும், தற்கொலை ஆபத்து கடுமையாக இருப்பவர்களுக்கும் வாரக்கணக்கில் காத்திருக்க நேரம் இருக்காது. அங்கே இதைவிட வேகமாகவும் உறுதியாகவும் பலன் தரும் சிகிச்சை இன்றுவரை குறைவு. விலையும் உண்டு: மறதி. சிகிச்சை நடந்த வாரங்களைச் சுற்றிய நினைவுகளில் சில அழிந்துபோகலாம், சில திரும்பாமலே போகலாம். புதிதாக நினைவில் வைக்கும் திறன் சில வாரங்களில் பெரும்பாலும் சீராகிவிடும். கையெழுத்துப் போடும் முன் இதை விவரமாகக் கேளுங்கள், மருத்துவர் சொல்லக் கடமைப்பட்டவர். ஷாக் சிகிச்சை முடிந்ததும் மருந்தை விட்டால் பெரும்பாலோருக்கு நோய் திரும்பிவிடும் என்பதையும் மறக்காதீர்கள்.

மயக்க மருந்து வேண்டாத, காந்தப் புலத்தால் மூளையைத் தூண்டும் காந்தத் தூண்டல் சிகிச்சையும் இருக்கிறது, விழித்திருக்கும்போதே வாரத்தில் 5 நாள் வீதம் 4 முதல் 6 வாரம் கொடுப்பார்கள். மருந்துகள் கேட்காதவர்களுக்கு மருத்துவமனைக் கண்காணிப்பில் கெட்டமின் வகை மருந்துகளும் இப்போது பயன்படுகின்றன, சில மணி நேரத்திலேயே பலன் தெரியும், அது நீடிப்பதுதான் சிரமம்.

குணமானதும் மாத்திரையை நிறுத்திவிடலாமா? கூடாது. நன்றாக ஆன பிறகும் குறைந்தது 6 மாதமாவது அதே அளவில் தொடர வேண்டும். நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு 2 வருடமோ அதற்கு மேலுமோ தேவைப்படும். இவை போதை மருந்துகள் அல்ல, ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு வரும். அதனால் மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கடைசியாக, நாளைக்கே யாரையாவது அழைத்து வருவதாக இருந்தால் ஒரு விஷயம். வீட்டில் இருக்கும் பழைய மருந்துச் சீட்டுகளை எல்லாம் கொண்டு வாருங்கள். "எல்லா மருந்தும் குடுத்தாச்சு, எதுவும் கேட்கலை" என்று சொல்லித்தான் வருகிறார்கள். சீட்டுகளை மேசையில் பரப்பி, எந்த மருந்து, எவ்வளவு அளவு, எத்தனை வாரம் என்று வரிசையாக எழுதிப் பார்த்தால், பாதிக்கு மேல் தொடக்க அளவிலேயே இரண்டு வாரத்தில் நிறுத்தியதாக இருக்கும். அவை தோற்றுப்போன மருந்துகள் அல்ல, சரியாக முயன்று பார்க்காதவை. அடுத்து எதைக் கொடுப்பது என்பதை அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.

வணக்கம்.