ஆண்டு முதலில், ஆள் பெயர் அடுத்து

வணக்கம் நேயர்களே. கணினியிலும் கைபேசியிலும் கோப்புகளை ஒழுங்காக வைப்பது பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பேசப்போவது பெரும்பாலும் ஒன்றைத்தான்: கோப்புக்கு வைக்கிற பெயர். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரா" என்று என் வீட்டில் சிரிப்பது தெரிகிறது. சிரிக்கட்டும்.

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் எந்தத் தமிழ்க் குடும்பத்தை எடுத்தாலும் கப்பல் பட்டியல் தேடுகிறவர் ஒருவர் இருப்பார். 1860 நவம்பர் 16-ல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து வந்ததில் தொடங்கி, ஒப்பந்தக் கூலியாக வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போட்டு எழுதிவைத்தார்கள். அந்த எண் கிடைத்தால் தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் பின்னாலேயே வரும். எங்கள் சொந்தத்தில், சாட்ஸ்வொர்த் அக்கா ஒருவர் பெரிய ஆயாவின் பக்கத்தைக் கண்டுபிடித்துப் படமெடுத்து, குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார். ஊரே கொண்டாடியது. சில மாதம் கழித்து ஜோகன்னஸ்பர்க் தம்பி அதைக் கேட்டான். எல்லாருடைய கைபேசியிலும் இருக்கிறது, யாராலும் எடுக்க முடியவில்லை! காவடிப் படம், பிறந்தநாள் கேக், காலை வணக்க ரோஜாப்பூ, இவற்றுக்கு நடுவே ஐஎம்ஜி, எட்டு இலக்கம், டபிள்யூஏ என்று ஏதோ ஒரு பெயரில் கிடக்கிறது. 'கோவெண்டர்' என்று குடும்பப் பெயரைப் போட்டுத் தேடலாமே என்றான் ஒருவன். அந்தக் குழுவில் கோவெண்டர் இல்லாதவர் யார்? கடைசியில் அக்காதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளி எடுத்துக் கொடுத்தார்.

அந்த எட்டு இலக்கம் தேதிதான். ஆனால் படம் உங்களுக்கு வந்து சேர்ந்த தேதி. எடுத்த தேதி இல்லை. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால், உள்ளே பதிந்திருக்கும் எடுத்த தேதியும் உதிர்ந்துபோகும். ஆகவே ஆண்டை நாம்தான் எழுதவேண்டும். '1889 பெரிய ஆயா கப்பல் பட்டியல்' என்று வையுங்கள், போதும்.

ஆண்டு முதலில், பிறகு மாதம், பிறகு நாள். திரும்பவும் சொல்கிறேன், ஆண்டு முதலில். கணினி பெயரை இடப்பக்கத்திலிருந்துதான் ஒப்பிட்டு அடுக்கும். நாளை முன்னால் போட்டால் 2020 ஜனவரி 1, 1998 மார்ச் 2-க்கு மேலே போய் உட்காரும். மார்ச்சுக்கு வெறும் 3 போடாமல் 03 என்று போடுங்கள். இல்லாவிட்டால் சில கணினிகளில் பத்தாம் மாதம் மூன்றுக்கு முன்னால் வந்துவிடும். தேதி எழுதுவதற்கு ஐஎஸ்ஓ 8601 என்று 1988-லேயே உலகத்துக்கு ஒரு தரம் வகுத்தார்கள். அதிலும் இதே வரிசைதான். வருடம் சரியாகத் தெரியாத பழைய படமா? '1960கள்' என்று போடுங்கள், அப்புறம் யாராவது அத்தை திருத்துவார்.

கோப்புறைகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். குறைவாக வையுங்கள், உறைக்குள் உறை வைத்தால் நாமே மறந்துவிடுவோம்.

அடுத்து நகல்... சரி, வானொலி அறைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம், இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 ஏப்ரலில் டர்பன் வெள்ளத்தை நாம் பார்த்தோம். ஆல்பமும், அதை ஸ்கேன் செய்து வைத்த டிஸ்க்கும் ஒரே அலமாரியில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். மூன்று பிரதி வேண்டும், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். லோட் ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு அறிவித்தால், அந்த நேரம் நெருங்கும்போது டிஸ்க்கை முறைப்படி நிறுத்திக் கழற்றிவிடுங்கள். கடவுச்சொல் பற்றியும் குறித்துவைத்திருந்தேன், அதற்கு நேரமில்லை. வணக்கம்.